மணிக்கு ஆறு முறை

தடைக்காலம் முடிகிற இரவு
அது ஐஸ் கேட்டது.
நூர்தீன் ஐஸ் கம்பெனியின் சர்வர்
காதில் வாங்கிக்கொண்டது,
வாய் திறக்கவில்லை.
மறுபடி கேட்டது.
வெட்கமும் வாய்வலியும் இல்லாத ஒன்று
விடியும்வரை முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை
அதே மரியாதையோடு
எட்டுக் கட்டி, எட்டுக் கட்டி என்று கேட்டது.

காலையில் கடலூர் ஓ.டி. முழுக்க ஐஸ்.
ஏலக்கூடத்திலிருந்து ரயில்வே கேட் வரை
டெம்போக்கள் சொட்டிக்கொண்டு நின்றன.
தெருவே உருகி
உப்பனாற்றைப் பார்த்து நடந்தது.
பிள்ளைகள் சட்டைக்குள் சில்லைப் போட்டுக்கொண்டு
கத்தினார்கள்.
பணம் கட்டியது சங்கம்.
திட்டு வாங்கியது நான்.

"அதுக்கு ஒரு கடிவாளம் போடும்மா"
என்றார் செயலாளர் மாசிலாமணி.
குதிரைக்கு வாய் ஒன்று.
இதற்கு நானே கொடுத்த வாய்கள்:
ஐஸுக்கு, டீசலுக்கு, குறுஞ்செய்திக்கு,
வங்கிக்கு ஒன்று, அதை மறந்தே போயிருந்தேன்.

ஐஸ் ஆலைக்கு மேல்மாடியில்
எப்போதும் லேசாக நடுங்குகிற மேசையில்
உட்கார்ந்து எழுதினேன்.

ஐஸ் கேட்கலாம். மணிக்கு ஆறு முறை.
ஏழாவது முறை என்னைக் கேட்கவேண்டும்.
டீசல் மானியக் கணக்கைப் படிக்கலாம்,
ஒரு புள்ளியைக்கூட நகர்த்தக்கூடாது.
உறுப்பினர்களின் ஆதார் எண் இருக்கும் அறை
அப்படி ஒன்று இருப்பதே தெரியவேண்டாம்.
ஐயாயிரம் ரூபாய்க்கு மேல் எதுவானாலும்
ஒரு மனிதக் கை வேண்டும்.

மனிதக் கை என்று எழுதிவிட்டு
என் கையைப் பார்த்தேன்.
நகத்தில் பாதி வளர்ந்துபோன மருதாணி,
சுண்டுவிரலில் பேனா மை.
இதை நம்பியா?

குறுஞ்செய்தி: நிமிடத்துக்குப் பத்து.

போன புதன்கிழமை
பொய்ப் புயல் ஒன்றைக் கிளப்பிச் சோதித்தோம்.
நூற்றுநாற்பது படகுகள்.
அகரவரிசையில் அனுப்பியது.
அங்காளம்மன், அந்தோணியார், அருள்ஜோதி
முதல் நிமிடத்திலேயே கரை திரும்பிவிட்டார்கள்.
ஜெசிந்தா, ஷாகுல், ஹயாத்
பதினான்காம் நிமிடத்தில்தான்
புயலைக் கேள்விப்பட்டார்கள்.

ஹயாத் ஐம்பது மைல் தள்ளித் தங்குகிற படகு.
அங்காளம்மன் கழிமுகம் தாண்டுவதே
ஆடிக்கொரு தரம்.

பத்து என்று எழுதியபோது
பதினோராவதாக நிற்பது யார் என்று
நான் கேட்கவே இல்லை.

"அந்தப் பத்தைத் தூக்கிடேன்" என்றாள் ஸ்டெல்லா.
தூக்கினால்
ஒரே புயல் ஒரே ஃபோனில்
முந்நூற்றுப் பன்னிரண்டு தடவை அடிக்கும்.
நான்காவதில் எரிச்சலாகும்,
ஐந்தாவதில் ஃபோனை அணைத்துவிட்டுத் தூங்குவார்கள்.
டெலிகாம்காரன் வேறு எனக்கு
நாற்பது என்று கோடு கிழித்திருக்கிறான்.
அவனுக்கு யார் கிழித்தார்களோ.

நாற்பதாக்கினேன்.
ஒரு படகுக்கு ஒரு புயல் ஒரு முறை,
பதில் வராவிட்டால் பத்து நிமிடம் கழித்து இன்னொன்று.
வரிசையை மாற்றினேன்: தூரத்தில் இருப்பவர் முதலில்.
எழுத்துகள் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும்.

புயல் என்று சொல்லும் உரிமையை
அதற்குக் கொடுக்கவில்லை.
அறிக்கையைப் படித்து எனக்குக் காட்டலாம்.
அனுப்பு என்பது நான்.
நான் எடுக்காவிட்டால் மாசிலாமணி.
அவரும் எடுக்காவிட்டால்

அந்த வரி மூன்று நாளாக அப்படியே கிடக்கிறது.
அதையே பார்த்துக்கொண்டு இரவு இங்கேயே தங்கிவிட்டேன்.

மூன்று பத்துக்கு ஃபோன் மினுங்கியது.
ஐஸ். எட்டுக் கட்டி. ஏழாவது முறை.
அனுமதி?

சர்வர் மறுபடி ஊமையாகியிருந்தது.
செருப்பைத் தேடிக்கொண்டிருக்காமல்
ஈரப் படிகளில் இறங்கிப் போய்
வாட்ச்மேன் ஏகாம்பரத்தைத் தட்டி எழுப்பினேன்.
ஐஸ் உடைக்கும் மெஷின் இரைச்சலில்
என் குரல் அவருக்குக் கேட்கவில்லை.
எட்டு விரல்களைக் காட்டினேன்.
அவர் திருப்பி எட்டு விரல்களைக் காட்டினார்.